பேனா தொடாத கையெழுத்து

மும்பை மாட்டுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் திருமண அழைப்பிதழ்கள் பலவற்றில், தமிழ்ப் பக்கத்து எழுத்துகள் நிமிர்ந்து நிற்க, ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயர்கள் சாய்ந்தும் சுழித்தும் ஒன்றோடொன்று கைகோத்து ஓடுவதைக் காணலாம். யாரோ பொறுமையாக எழுதியதுபோல் தோன்றும் அந்த எழுத்துருவின் அழகு, கூர்முனை நிப்பிலிருந்து வந்தது. கீழ்நோக்கி இழுக்கையில் அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிப் போகையில் அழுத்தினால் முனை தாளில் குத்திக்கொள்ளும் என்பதால், கை தளர்ந்து கோடு மயிரிழையாகும்.

கணினிக்கு அழுத்தம் என்றால் என்னவென்று தெரியாது. அது கோட்டின் இரு கரைகளையும் வளைகோடுகளாகவே சேமித்து வைக்கிறது. இரு முனைப்புள்ளிகளையும், அவற்றின் போக்கை வளைக்கும் வேறிரு புள்ளிகளையும் கொண்டு ஒரு வளைவை வரையறுக்கும் இக்கணிதத்தை 1960களில் பரவலாக்கியவர் பியர் பெசியே. ரெனோ நிறுவனப் பொறியாளரான அவருக்கு அது தேவைப்பட்டது எழுத்துக்காக அன்று, காரின் உடலை வடிவமைக்க!

எழுத்துகளைக் கோப்பது இதைவிட நுட்பமான வேலை. ஒவ்வோர் எழுத்தின் வால்கோடும், அடுத்த எழுத்தின் தொடக்கக்கோடு வந்து சேரும் அதே உயரத்தில், அதே சாய்வில் முடிய வேண்டும். எங்கள் உறவினர் வீட்டு அழைப்பிதழ் ஒன்றில், வரியை நிரப்புவதற்காக எழுத்திடைவெளியைக் கூட்டியதால் மணமகளின் பெயர் அறுந்த மணிமாலையாகச் சிதறிக் கிடந்தது.

கண்ணை ஏமாற்றுவதற்கு இணைப்பு மட்டும் போதாது. அண்ணாமலை என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சிறிய 'ஏ' மூன்று முறை வரும்; மூன்றும் அச்சு மாறாமல் இருந்தால், கை எழுதவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு முறையில், பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் பதிலீட்டு விதிகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்து 1998இல் வெளிவந்த சாப்ஃபினோ என்னும் எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு.

ஆங்கிலத்துக்கு அலங்காரமாக இருக்கும் இந்த வசதி, தமிழுக்கு அடிப்படைத் தேவை. 'டு' என்பதில் 'ட', உகரக்குறி எனக் கணினி தனித்தனியே சேமிக்கும் இரண்டு குறியீடுகள் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். 'கொ' என்பதிலோ ஒற்றைக் குறியீடாகச் சேமிக்கப்படும் உயிர்க்குறி, கொம்பாக முன்னும் காலாகப் பின்னும் பிரிந்து நிற்க வேண்டும். சாதாரணத் தமிழ் எழுத்துருவுக்கும் இத்தகைய விதிகள் இல்லாமல் முடியாது.

ஆனால் தடிப்பும் மெலிவும் அப்படியே தமிழுக்குப் பொருந்துவதில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த நம் எழுத்துகளின் கோடு பெரும்பாலும் ஒரே கனமுடையது. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும் இல்லை. நிப்பின் தடித்த கோட்டை 'ண'வின் சுழிகள்மேல் ஏற்றினால், சிறிய அளவில் அச்சிடும்போது அவற்றின் உள்வெளி மையால் அடைபட்டுவிடும். எனவே தமிழில் அந்த வேறுபாட்டைக் குறைத்து, வளைவுகளின் ஓட்டத்திலும் வால்களின் நீட்சியிலும் கையின் சாயலைக் கொண்டுவருவதே நல்லது என்பது என் கருத்து.