வான்கோழி சீசனும் பைனாகுலரும்: ஒரு கண் பரிசோதகரின் குறிப்புகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ ஒரு சனிக்கிழமை தொடங்கும். அது நெருங்கும்போது எங்கள் கண் கிளினிக்குக்கு வருபவர்களின் பேச்சே மாறிவிடும். கண்ணாடி பவர் பார்க்க வந்தவர் எழுந்து போகிற சமயத்தில், "பைனாகுலர் வாங்கலாம்னு இருக்கேன், பத்து எக்ஸ் போதுமா, பன்னிரண்டு வேணுமா?" என்று கேட்பார். இங்கே வேலைக்கு வந்து, அலுவலக நண்பர்களோடு சேர்ந்து வேட்டை உரிமம் எடுத்த நம்மவர்கள் சிலரும் இதையேதான் கேட்கிறார்கள்.

எட்டு எக்ஸ், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, போதும். பெரும்பாலானவர்களுக்கு எட்டுதான் நல்லதும்கூட.

வான்கோழிக்காக எதிர் மலைச்சரிவை மணிக்கணக்கில் துழாவிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே போய், தோளைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரலைக் கொடுத்து ஆண் பறவையை வரவழைப்பதுதான் இந்த வேட்டை. பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் இப்படித்தான் சுட வேண்டும். பதுங்கிப் பின்தொடர்ந்து போவது சட்டப்படி தவறு. ஷாட்கன்னில் நம்பிச் சுடக்கூடிய தூரம் ஏறக்குறைய 40 கெஜம். அந்தத் தூரத்துக்குப் பைனாகுலரே வேண்டாம். அது வேண்டியிருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில். நூறு, நூற்றைம்பது கெஜத்தில், அரையிருட்டில், புதருக்குப் பின்னால் அசைவது என்ன என்று தெரிந்துகொள்ள.

அந்த 'என்ன' என்ற கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே வசந்தத்தில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். தாடி என்பது மார்பிலிருந்து குதிரைமுடி போலத் தொங்கும் ஒருவகை இறகு. முழு வளர்ச்சியடைந்த ஆணான 'டாம்' வாலை விரித்தால் விசிறியின் விளிம்பு ஒரே சீராக இருக்கும். ஒரு வயதுக் குட்டியான 'ஜேக்' விரித்தால் நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்திக்கொண்டு நிற்கும், தாடியும் குட்டை. சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு. இதையெல்லாம் வெறும் கண்ணால் விடியற்காலையில் பிரித்தறிவது கடினம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். அதனால்தான் இந்த மூன்று நிறத்தில் சாக்ஸ்கூட வெளியே தெரியக் கூடாது என்று வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்கிறார்கள். காட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இலைநிற உடையில் இருக்கிறார்கள், எல்லாரும் வான்கோழி மாதிரிக் கூவுகிறார்கள், முன்னால் பொம்மைக் கோழி வேறு. இன்னும் சிலர் விரித்த வாலை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வயலில் ஊர்ந்து போகிறார்கள். நீங்கள் பார்ப்பது வால் விசிறி மட்டும்தான் என்றால், பின்னால் ஒரு மனிதர் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலை, கழுத்து, தாடி, கால் என்று முழுப் பறவையும் தெரியும்வரை கை துப்பாக்கிக்குப் போகக் கூடாது. வேறொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், கோழிக்குரலும் கொடுக்காதீர்கள். வாய்விட்டு மனிதக் குரலில் பேசுங்கள்.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருக்கிறது. நம்மவர்களிலும் இது அபூர்வமில்லை. பலருக்கு அது தெரியாமலேயே வயதாகிவிடுகிறது. பசுந்தழைக்கு நடுவே சிவப்புத் தலை மற்றவர்களுக்குப் பளிச்சென்று தெரியும், இவர்களுக்கு அப்படித் தெரியாது. அதனால் வேட்டைக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நிறச் சோதனைப் புத்தகத்தை எடுத்துவிடுவேன். குறைபாடு இருந்தால் வேட்டைக்குப் போகவே கூடாது என்றில்லை. நிறத்தை நம்பாமல் வடிவத்தை நம்ப வேண்டும், அதற்குப் பைனாகுலர் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை.

துப்பாக்கியில்தான் ஸ்கோப் இருக்கிறதே, தனியாகப் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்கோப் வழியாகப் பார்க்கிறீர்கள் என்றால் குழலையும் அந்தப் பக்கம் நீட்டுகிறீர்கள். அங்கே இருப்பது என்னவென்று தெரியாததால்தானே பார்க்கிறீர்கள்?

சரி, எண்களுக்கு வருவோம். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். பைனாகுலரைக் கைநீளத்தில் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பினால், கண் வைக்கும் பக்கத்தில் சின்னதாக ஓர் ஒளிவட்டம் தெரியும். 42-ஐ எட்டால் வகுத்தால் அதன் விட்டம்: 5.25 மி.மீ. இந்த வட்டத்தின் ஒளிதான் உங்கள் கண்மணிக்குள் போகிறது. 10×42-க்கு இது 4.2. சட்டைப்பையில் போடுகிற 10×25-க்கு வெறும் 2.5.

பகல் வெளிச்சத்தில் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதனால் மதியம் கடையில் பார்த்தால் 10×25-ம் அருமையாகத்தான் தெரியும். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சுட அனுமதி உண்டு. அந்த இருட்டில் கண்மணி விரிந்துவிடும், சின்னப் பைனாகுலர் அதற்கு ஈடுகொடுக்காது, படம் மங்கிப்போகும்.

ஆனால் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருபது வயதில் இருட்டில் ஏழு மி.மீ. வரை விரியும் கண்மணி, அறுபதில் ஐந்தைத் தொட்டாலே பெரிது. பலருக்கு அதற்கும் கீழே. ஆகவே 7×50 மாதிரி பெரிய கருவியைக் கழுத்தில் சுமக்கும் அறுபது வயதுக்காரர், அது தரும் 7 மி.மீ. ஒளியில் கணிசமான பகுதியைக் கருவிழி மேலேயே சிந்திவிடுகிறார். அவருக்கு 8×32 (4 மி.மீ.) போதும், அரைக் கிலோதான் இருக்கும். 8×42 முக்கால் கிலோவை ஒட்டி வரும். இளைஞர்களுக்கு 8×42-ஐயே சொல்வேன்.

பத்து எக்ஸுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. மேற்கே மெரியம் வகைக் கோழிகள் இருக்கும் திறந்த மலைப்பகுதி, டெக்சஸில் ரியோ கிராண்டே வகை இருக்கும் மேய்ச்சல் நிலம், இங்கெல்லாம் தூரமாகப் பார்த்துத் திட்டம் போட வேண்டியிருக்கும், 10×42 உதவும். கிழக்கத்திய காட்டுக்குள் அது தொல்லை. பார்வைப் பரப்பு குறைந்து, மரங்களுக்கிடையே பறவையைத் தேடிப்பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். கைநடுக்கமும் பத்து மடங்கு தெரியும், அதிலும் பக்கத்தில் ஒரு சேவல் கத்தும்போது யாருக்குக் கை நடுங்காது?

கண்ணாடி போடுகிறவர்கள் விளம்பரத்தில் தேட வேண்டிய எண் வேறு, 'ஐ ரிலீஃப்' (eye relief): கண்ணுக்கும் லென்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டால் முழுப் படமும் தெரியும் என்பது. குறைந்தது 15 மி.மீ., முடிந்தால் 17. இது குறைவாக இருந்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரிதான். ரப்பர் கோப்பையைக் கீழே திருகிவிட்டுக் கண்ணாடியோடு பாருங்கள். வெறும் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்தும் சமாளிக்கலாம். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்கானது) அதிகம் உள்ளவர்கள் கழற்றக் கூடாது, எந்த ஃபோகஸ் சக்கரமும் அதைச் சரிசெய்யாது.

புரோகிரசிவ் கண்ணாடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மரத்தில் சாய்ந்து உட்காரும்போது தலை தானாகப் பின்னால் போகும். அப்போது கண் லென்ஸின் கீழ்ப்பகுதி, அதாவது படிக்கும் பவர் வழியாகப் பார்க்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று பைனாகுலரைத் திட்டுவார்கள். தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு சாதாரண கண்ணாடி, பாலிகார்பனேட் லென்ஸில், காட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், சுடும்போது கண்ணுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும். முகமூடித் துணியை மூக்குப் பக்கம் தளர்த்தாவிட்டால் மூச்சு மேலே வந்து எல்லா லென்ஸிலும் பனி படியும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது, பலர் செய்யாதது: வலது முன்லென்ஸை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தூரத்து எழுத்து ஒன்றைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கமுள்ள வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு குறி போட்டுவிடுங்கள். சில மாடல்களில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், முறை அதேதான். இதைச் செய்யாமல் தலைவலி என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. கருவி ஒருமுறை கீழே விழுந்த பிறகு தலைவலி வந்தால் இரண்டு குழலும் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் புகாததா, உள்ளே பனி படியாமலிருக்க நைட்ரஜன் நிரப்பியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துவாரைவிட மார்போடு இறுக்கிப்பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை மேல். வான்கோழிக்கு நிறமும் தெரியும், ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், ஆகவே அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் பைனாகுலரைத் தூக்குங்கள். கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்தால் சூரியன் எழும் நேரத்தில் அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். விழித்திரை வலிக்காமலே எரியும், போன பார்வை திரும்பாமலும் போகலாம்.

கடைக்குப் போவதாக இருந்தால் மாலை இருட்டும் நேரத்தில், வேட்டைக்குப் போடப்போகும் அதே கண்ணாடியோடு போங்கள். உள்ளே இருக்கும் டியூப்லைட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டு, எதிரே நிற்கும் காருக்கு அடியிலுள்ள நிழலில் என்னென்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். வெளியே எடுத்துப்போக விடாத கடை என்றால், திருப்பிக்கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.