ரம்பச் சுறா அல்ல, வேளா

அழிந்துவரும் 'ரம்பச் சுறா' பற்றி மறுபடியும் ஒரு செய்தி. மூக்கு நீண்டு, இருபுறமும் பற்களோடு ரம்பம்போல இருக்குமே, அந்த மீன். நம் கடற்கரையில் அதற்கு வேளா என்று பெயர். பெரும்பாலான வேளா இனங்களின் அறிவியல் பேரினப் பெயர் பிரிஸ்டிஸ். கிரேக்கத்தில் அறுப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொல் வரலாறு அவ்வளவுதான்.

ரம்பத்தோடு எனக்குப் பகை இல்லை, தச்சர் நாள்தோறும் புழங்கும் சொல். 'வாள் சுறா' என்போரும் உண்டு. ஈர்வாள் என்றால் ரம்பம்தான். ஆனால் இன்றைய வாசகர் போர்வாளை நினைத்துக்கொண்டு வாள்மீனோடு குழப்பிக்கொள்வார்.

என் சண்டை 'சுறா'வோடு. மீனைப் புரட்டிப் பாருங்கள். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கு அடிப்பக்கத்தில், வாய்க்குப் பின்னால். ஆக, இது திருக்கை இனம். சேற்றுத் தரையில் கிடக்கையில் கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியே நீரை இழுத்து மூச்சுவிடும். கலங்கல் நீரில் இரையின் மின்துடிப்பை ரம்ப மூக்கான கொம்பாலேயே உணர்ந்து, அதையே வீசி அடிக்கும். குட்டி போடும் மீன் இது. தாயைக் கிழித்துவிடாதபடி குட்டியின் கொம்பை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் அந்தக் கொம்பு வலையில் மாட்டினால் மீள்வது கடினம். வேளாவின் ஐந்து இனங்களுமே இன்று அழிவின் விளிம்பில். இந்தியாவில் 2001 முதல் பிடிக்கத் தடை.

"பட்டினப்பாலையே 'சினைச் சுறவின் கோடு நட்டு' என்கிறதே, மீனவரும் வேளாச் சுறா என்கிறார்களே" என்பார்கள். கோடு என்றால் கொம்பு. சரி, அது வேளாவின் கொம்பாகவே இருக்கட்டும். பாட்டும் பேச்சும் உயிரியல் வகைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கலைச்சொல் ஆக்குபவர் கட்டுப்பட்டவர். அவரோ 'சாஃபிஷ்' (sawfish) என்ற ஆங்கிலப் பெயரை இரண்டாகப் பிளந்து, பாதியை அப்படியே பெயர்த்து, மீதிக்குத் தோன்றியதை ஒட்டுகிறார். மீன் இறங்குதளத்தில் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. தனித்தமிழ் பேசுவோரும் இதே தவறைச் செய்கிறார்கள்: கரையில் வழங்கும் சொல் இருக்க, 'அரமூக்கன்' என்று புதிதாக எதற்கு?

'ரம்பச் சுறா'வை வீணாக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியா, ஜப்பான் கடல்களில் ரம்ப மூக்கும் அதில் இரண்டு மீசையுமாக, செவுள் பக்கவாட்டில் அமைந்த உண்மையான சுறாவே இருக்கிறது. அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.