மெட்ரோ: தாய்நகரத்திலிருந்து தண்ணீர் லாரி வரை

"மெட்ரோ வந்தாச்சு!" என்று தெருமுனையில் யாராவது கத்தினால், இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னைவாசிகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கும். ஆள் வீட்டில் தூங்கினாலும் குடம் இடம் பிடித்து வைத்திருக்கும். வருவது தண்ணீர் லாரி. சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியத்தை ஊரே ‘மெட்ரோ வாட்டர்’ என்றது. அதில் வாட்டரும் உதிர்ந்துபோய் லாரியே மெட்ரோ ஆகிவிட்டது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியது. அப்புறம்தான் அந்தச் சொல் லாரியிலிருந்து மெல்ல இறங்கி ரயிலில் ஏறியது.

தண்ணீருக்கும் ரயிலுக்கும் ஒரே பெயர் எப்படி? இரண்டுமே ‘மெட்ரோபாலிட்டன்’ என்ற நீளமான சொல்லின் வெட்டுத்துண்டுகள். அந்த நீளமான சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் நம் அலுவலகப் பெயர்ப்பலகைகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதைக் கிளறினால் பஸ் எதுவரை போக வேண்டும், ரயிலுக்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன.

வேரிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் ‘மேத்தேர்’ என்றால் தாய், ‘போலிஸ்’ என்றால் நகரம். (நம் போலீசுக்கும் இதே போலிஸ்தான் பாட்டி.) இரண்டும் சேர்ந்தால் தாய்நகரம். பெரிய ஊர் என்ற பொருளே அதில் கிடையாது. ஓர் ஊர்க்காரர்கள் கப்பலேறிப் போய் வேறு கரையில் புது ஊர் கட்டினால், கிளம்பிய ஊர் அதற்குத் தாய். சிசிலித் தீவில் இருக்கும் சிரக்யூசுக்கு கொரிந்து தாய்நகரம். புது ஊரின் பொது அடுப்பை மூட்டத் தாய்நகரத்திலிருந்தே நெருப்பு கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. எவ்வளவு பெரிய ஊரானாலும் தனியாக நின்றால் அந்தப் பட்டம் கிடைக்காது. பிள்ளை இருந்தால்தானே தாய்?

பிறகு திருச்சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. மாகாணத்தின் தலைமை நகரில் இருக்கும் ஆயர், சுற்றுவட்டார ஆயர்களுக்கு மூத்தவர் ஆனார். கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் இன்றும் சொல்லும் ‘மெத்ராப்போலீத்தா’ அதுதான். கோட்டயத்தில் மெத்ராப்போலீத்தா வருகிறார் என்றால் பிளாட்பாரத்துக்கு ஓட வேண்டியதில்லை.

ரயிலுக்கு இந்தப் பெயர் வந்த கதை லண்டனில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரைச் சட்டத்திலேயே ‘மெட்ரோபோலிஸ்’ என்று எழுதுவார்கள். ‘மெட்ரோபாலிட்டன் ரயில்வே’ என்ற தனியார் கம்பெனி 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு, உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டியது. அதுவும் நீராவி எஞ்சினோடு! புகைக்குள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். இதற்காக வருஷக்கணக்கில் வாதாடியவர் லண்டன் சிட்டி நகராட்சியின் வழக்கறிஞர் சார்லஸ் பியர்சன். தொழிலாளிகள் நெரிசலை விட்டு வெளியே குடியிருந்து மலிவு ரயிலில் வேலைக்கு வரலாம் என்பது அவர் எண்ணம். கம்பெனிக்குப் பணம் சேராமல் தவித்தபோது, அவர் பேச்சைக் கேட்டு நகராட்சியே 2 லட்சம் பவுண்டுக்குப் பங்கு வாங்கியது. வண்டி ஓடுவதைப் பார்க்க பியர்சனுக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1862இலேயே காலமானார்.

அதே கம்பெனி அடுத்துச் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் சுவாரசியமானது. ரயில் கம்பெனிகள் தண்டவாளத்துக்கு வாங்கியதில் மிஞ்சும் நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மெட்ரோபாலிட்டன் மட்டும் நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தனி அனுமதி வாங்கி வைத்திருந்தது. லண்டனுக்கு வடமேற்கே வயல்வெளிகளுக்குள் பாதையை நீட்டி, பக்கத்து நிலத்தில் வீட்டுமனை போட்டு விற்றது. 1915இல் அந்த வட்டாரத்துக்கே ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. 1919இல் மனை வியாபாரத்துக்கென்றே தனிக் கம்பெனியும் வந்தது. ரயில் போனதால் நிலத்துக்கு விலை ஏறியது, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு ரயிலுக்கே திரும்பியது. ஊர் பரந்து விரிந்ததும் அதனால்தான். நகரம் பரவுவதைப் பற்றிப் புலம்பும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸ்காரர்கள் பெயரைக் கடன் வாங்கி 1900 ஜூலை 19 அன்று தங்கள் ‘மெத்ரோபோலித்தேன்’ ரயிலைத் திறந்தார்கள். அவ்வளவு நீளத்தை யார் சொல்வது? ‘மெத்ரோ’ என்று நறுக்கினார்கள். உலகம் முழுக்கப் பரவியது இந்தப் பாரிஸ் நறுக்குதான். 1984இல் கொல்கத்தாவுக்கு வந்ததும் அதுவே. லண்டனில் அதை ‘டியூப்’ என்கிறார்கள். பெயர் வைத்த வீட்டிலேயே அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

சரி, இந்தியாவில் மெட்ரோபாலிட்டன் பகுதி என்றால் என்ன? அரசமைப்புச் சட்டத்தின் 243-P பிரிவு சொல்வது இது: பத்து லட்சம் பேரோ அதற்கு மேலோ வாழ வேண்டும்; இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளோ ஊராட்சிகளோ ஒட்டிய பிற பகுதிகளோ சேர்ந்திருக்க வேண்டும்; ஆளுநர் அறிவிக்க வேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடுவில் இருப்பது. ஓர் ஊராட்சி மட்டும் எவ்வளவு பெரிதாக வீங்கினாலும் போதாது, பல ஊர்கள் கூடியிருக்க வேண்டும். கிரேக்கர்களின் தாய்-பிள்ளைக் கணக்கு சட்டத்துக்குள் வேறு வழியாக நுழைந்திருக்கிறது.

இப்போது நம் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். 1972இல் பல்லவன் என்று தொடங்கிய பஸ் நிறுவனம் இன்று ‘மாநகர் போக்குவரத்துக் கழகம்’. ஆங்கிலப் பெயரில் இருப்பது மெட்ரோபாலிட்டன். நகரமைப்புத் திட்டம் போடும் சி.எம்.டி.ஏ.வின் ஆங்கிலப் பெயரிலும் மெட்ரோபாலிட்டன் உண்டு. தமிழில் ‘சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்’. அப்புறம் ‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்று ஒன்று. அதில் பெருநகர என்பது ‘கிரேட்டர்’ என்பதன் தமிழ். ரயில் நிறுவனமோ வம்பே வேண்டாம் என்று மெட்ரோவை அப்படியே வைத்துக்கொண்டது.

மா என்றாலும் பெரு என்றாலும் பெரியது. அகராதியைப் புரட்டி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சங்கப் பாடல்களுக்குப் போனால் குழப்பம் கூடும். அங்கே நகர் என்றால் பல இடங்களில் மாளிகை, மனை. தாய்நகர் என்று நேராகப் பெயர்த்தால் தாய்நாடு மாதிரி உணர்ச்சிவசப்பட்ட சொல்லாக ஒலிக்கும். மூதூர் அழகான சொல். ஆனால் அது பழமையைச் சொல்கிறதே தவிர, பரப்பைச் சொல்வதில்லை.

ஆக, புழக்கம்தான் கோடு போட வேண்டும். கோடு ஏற்கெனவே பாதி போட்டாகிவிட்டது. மாநகர் என்றால் மாநகராட்சி எல்லை நினைவுக்கு வருகிறது. சென்னை மாநகராட்சிக்கு 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு 426 சதுர கிலோமீட்டர். தாம்பரமும் ஆவடியும் தனித்தனி மாநகராட்சிகள். பெருநகர்ப் பகுதியோ 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 ஆக்க 2022இல் அரசாணை வந்தது. இந்தப் பெரிய வட்டத்துக்குப் ‘பெருநகர்ப் பகுதி’, சின்ன வட்டத்துக்கு ‘மாநகர்’ என்று வைத்துக்கொள்வதே சரி. பஸ் கழகத்தின் பெயரும் மாற வேண்டும் என்பேன். அதன் வண்டிகள் மாநகராட்சி எல்லையைத் தாண்டிப் போய் எத்தனையோ காலமாகிறது.

கிளாம்பாக்கம் பஸ் முனையத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு இறங்கினால் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். திருச்சியிலிருந்து வந்த பஸ் இறக்கிவிடும். ஒரு கையில் பை, மறு கையில் தூக்கக் கலக்கத்தில் குழந்தை. இடம் செங்கல்பட்டு மாவட்டம், பலகையில் சென்னை. முனையத்தைக் கட்டியது பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஜி.எஸ்.டி. சாலைக்கு (திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை) அந்தப் பக்கம் ஓடும் மின்சார ரயில் தென்னக ரயில்வேயுடையது. 2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறந்தபோது எதிரே ரயில் நிறுத்தம் இல்லை. ஏற வேண்டுமென்றால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு பணப்பை. இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அமைந்தது. சட்டம் 2010இல் வந்தது, முதல் கூட்டம் 2022இல் நடந்தது. பன்னிரண்டு வருஷம், குறிஞ்சியே ஒரு முறை பூத்துவிடும்.

பணப்பை விஷயத்திலும் இதே கதைதான். இரண்டாம் கட்ட ரயில் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இது மாநிலத்தின் திட்டமா மத்திய அரசின் திட்டமா என்ற இழுபறி 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை ஓடியது. பெரும்பங்கு வெளிநாட்டு, பன்னாட்டு நிதி நிறுவனங்களின் கடன். பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல் முதலாளிகளிடம் சம்பளக் கணக்கில் ஒரு போக்குவரத்து வரி வாங்குகிறார்கள்; ஆட்கள் வேலைக்கு வந்து சேர்வதில் அவர்களுக்கும் லாபம் உண்டே என்பது கணக்கு. இங்கே ‘மெட்ரோ ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்’ என்று மனை விளம்பரம் போடுகிறவருக்கு ஏறுகிற விலையில் ரயிலுக்குப் பெரிதாக எதுவும் திரும்புவதில்லை. மெட்ரோலேண்டின் விளம்பர உத்தியை மட்டும் நாம் கற்றுக்கொண்டோம்.

கடைசியாக, ரயிலுக்கு என்ன தமிழ்? சென்னை மக்கள் இதில் அலுவலகங்களைவிடக் கெட்டிக்காரர்கள். 1931இல் தாம்பரம் வரை வந்த மின்சார வண்டியை ‘யூனிட்’ என்றார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து தூண்களின் மேல் ஓடத் தொடங்கியது ‘பறக்கும் ரயில்’ ஆயிற்று; எந்தச் சொல்லாக்கக் குழுவும் இதைவிட நல்ல பெயர் வைத்திருக்காது. சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் எம்.ஆர்.டி.யைப் ‘பெருவிரைவு ரயில்’ என்று செய்தித்தாளிலும் வானொலியிலும் சரளமாகச் சொல்கிறார்கள். அந்த வகை ரயிலுக்குப் பொதுப்பெயராக அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை மெட்ரோ என்பது சிறப்புப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். ‘மெட்ரோவில் போனேன்’, ‘மெட்ரோக்காரங்க தோண்டிட்டாங்க’ என்று வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் ஏற்றுக்கொண்டு அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

போன மாதம் எங்கள் தெருவை மறித்து, மெட்ரோ பணி என்று பலகை வைத்திருந்தார்கள். எத்தனை நாளாகும் என்று முக்குக் கடைக்காரரிடம் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "ரயில் மெட்ரோவா, தண்ணி மெட்ரோவா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.