படித்துறைப் பாசியும் வாஷிங் மெஷின் வாடையும்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஐப்பசி அடைமழை பிடித்தால் மெஷினில் துவைத்த துணியெல்லாம் கப்படிக்கிறது. பவுடரைக் கூட்டிப் போட்டும் போகவில்லை. ஏன்?”

பவுடரைக் கூட்டியதே பாதிக் காரணம். அலசியும் போகாத பவுடர், வியர்வைக் கொழுப்பு, போர் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து, உள்டிரம்முக்குப் பின்னால் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அப்பிக்கொள்கின்றன. அங்கே குடியேறுகிறவர்கள்தான் வாடைக்குப் பொறுப்பு.

காவிரிப் படித்துறையில், தண்ணீருக்குள் இருக்கும் படியில் கால் வைத்தால் வழுக்குமே, அதைப் பாசி என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பாசியோடு கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அந்த வழுவழுப்பில் இருக்கின்றன. முதலில் சில வந்து ஒட்டும். பிடி கிடைத்ததும் சர்க்கரைச் சங்கிலிகளாலான பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகும். இதுதான் உயிரிப்படலம். மெஷினுக்குள் அப்பியிருப்பதும் இதேதான். எனக்கு இதில் தீராத வியப்பு, அதற்குள் ஓடும் வாய்க்கால்கள். காவிரி கிளை பிரிந்து கடைமடை வயல்வரை போவதுபோல, படலத்துக்குள் நுண்ணிய நீர்வழிகள் உணவை உள்ளே கொண்டுபோய்க் கழிவை வெளியே கொண்டுவருகின்றன. மேலடுக்கு பிளீச்சின் அடியை வாங்கிக்கொள்ளும். அடியில் இருப்பவை அரைத்தூக்கத்தில் பிழைத்துக்கிடக்கும். ஒவ்வொரு துவைப்பிலும் படலத்தின் துணுக்குகள் பிய்ந்து துணியில் ஏறும்.

அந்த வாடைக்கும் முகவரி உண்டு. மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துணியில் 4-மெத்தில்-3-ஹெக்செனாயிக் அமிலம் என்ற வாடைப் பொருளை உண்டாக்குவதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலர்ந்தாலும் புற ஊதாக் கதிர் பட்டாலும் அது எளிதில் சாவதில்லை. காய்ந்த துண்டு நன்றாக இருந்து, முகம் துடைத்ததும் நாறுவது இதனால்தான். நம் தண்ணீரில், நம் மழைக்காலத்தில் எந்தெந்தக் கிருமி மெஷினில் வளர்கிறது என்று தஞ்சையிலும் திருவாரூரிலும் மாணவர்கள் ஆராய வேண்டும். பெரிய கருவி தேவையில்லை. இதுபோன்ற வீட்டு விஷயங்களுக்கும் ஆய்வு நிதி ஒதுக்கும் மனம் வேண்டும்.

பேக்கிங் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றும் வாட்ஸ்அப் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். பொங்குவது வெறும் கரியமில வாயு. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்த பிறகு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். பிளீச்சுடன் வினிகரையோ எலுமிச்சையையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆபத்து.

போன வாரம் எங்கள் வீட்டு மெஷினின் கதவு ரப்பரை விரலால் மடித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, கஞ்சி ஆடை மாதிரி ஒரு படலம். அதில் ஒரு ஹேர்பின். பழைய வேட்டித் துணியால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் வந்தது. இந்தத் தேய்ப்பு முக்கியம், ஏனென்றால் பசை உடைந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். பிறகு சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச் பவுடர்) போட்டு, துணியில்லாமல் 60 டிகிரி சுடுதண்ணீரில் ஒரு சுற்று ஓட்டினேன். மாதம் ஒருமுறை இது போதும். துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, கதவையும் பவுடர் டிரேயையும் திறந்தே வையுங்கள். ஏற்கெனவே கப்படிக்கும் துண்டுகளை, சாயம் போகாது என்றால், அதே சுடுதண்ணீர்ச் சுற்றில் தனியாகத் துவைத்து, மழை விடாத நாளில் ஃபேனுக்குக் கீழே அகலமாக விரித்துக் காயப்போடுங்கள்.