கொடைக்கானல் ஏரி விடியற்காலையில் ஏன் புகைகிறது?

டிசம்பர் விடுமுறைக்குக் குழந்தைகளோடு கொடைக்கானல் போய் வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி ஏரி முழுக்க ஆவி பறந்தது. அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். உண்மையா?”

ஊற்றெல்லாம் கிடையாது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடை நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது. சுற்றுச்சாலை சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். சின்னப் பிள்ளைகள் நின்று நின்று வேடிக்கை பார்த்து வந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். சுற்றுலா வண்டிகள் பெருகுவதற்கு முன் நடப்பது நல்லது. ஆவியைப் பார்க்கவும் அதுதான் நேரம்.

தண்ணீருக்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம், அதாவது அது சூடாகவும் ஆறவும் நேரமாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். பகல் வெப்பத்தை ஏரி எளிதில் விடாது. தரையோ மேகமில்லாத இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவுகளில் வழிந்து ஏரிப் பள்ளத்தில் தேங்கும். கரையோரப் புல்லில் உறைபனி படிந்திருக்கும் அதே நேரத்தில் ஏரியில் ஆவி பறப்பது இதனால்தான்.

சரி, ஆவி கண்ணுக்குத் தெரிவது எப்படி? நீராவிக்கு நிறம் கிடையாது. நாம் பார்ப்பது நுண்ணிய நீர்த்துளிகளை. அவை பிறக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று 15 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 12.8 கிராம் நீராவியைத் தாங்கும். மேலே தேங்கிய காற்று 5 டிகிரி. அது தாங்குவது 6.8 கிராம். இரண்டிலும் அளவு நிறைந்திருந்தாலும் இரண்டுமே தெளிந்த காற்றுதான். இப்போது இரண்டையும் சரிபாதியாகக் கலப்போம். வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி, நீராவி 9.8 கிராம். ஆனால் 10 டிகிரியில் காற்று தாங்குவது 9.4 கிராம்தான்!

வெப்பநிலை கூடக்கூட காற்றின் கொள்ளளவு நேர்கோட்டில் ஏறுவதில்லை, மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது. அந்த வளைகோட்டின் இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். நேர்கோடு வளைவுக்கு மேலே போகும். கலவையில் உள்ள நீராவி நேர்கோட்டில் நிற்கிறது, கொள்ளளவு கீழே வளைவில் நிற்கிறது. இடைவெளியில் இருக்கும் நீராவிதான் தூசு, புகைத் துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. அப்போது வெளிவரும் வெப்பம் காற்றைச் சற்றுச் சூடாக்குவதால் 0.4 கிராம் முழுவதும் துளியாகாது. 0.2 கிராம் ஆனாலே போதும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாக அது பிரிந்தால், ஒரு கன மீட்டரில் சுமார் 5 கோடி துளிகள்! குளிரில் நாம் விடும் மூச்சு புகைவதும் இதே கணக்குதான்.

ஆவி சற்று உயரம் போனதும் மறைவது, மேலே உள்ள வறண்ட காற்றில் துளிகள் மறுபடி ஆவியாகிவிடுவதால்.

அப்புறம், ‘பனி தலையில் இறங்கிச் சளி பிடிக்கும்’ என்று பிள்ளைகளை விடுதி அறையிலேயே பூட்டி வைக்காதீர்கள். சளியைத் தருவது வைரஸ். குளிருக்கு ஸ்வெட்டரும் காதுக்குக் குல்லாவும் போதும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு மட்டும் குளிர்காற்று தொல்லை தரலாம், அவர்கள் விஷயத்தில் கவனம் தேவை.

இதே ஊரின் சூரிய ஆய்வகத்தில்தான் 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் (சூரியப் பரப்பில் கருப்பாகத் தெரியும் இடங்கள்) வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்த இடம் அது. ஏரி நீரின் வெப்பம், காற்றின் ஈரப்பதம் போன்ற எளிய அளவீடுகளையும் அதே பொறுமையோடு ஆண்டுக்கணக்கில் எடுக்க அரசு தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் மேற்குக் கரையில் நின்று உதிக்கும் சூரியனை நோக்கினால் ஆவி பளீரென்று வெளுத்துத் தெரியும் (சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்). கிழக்குக் கரைக்கு வந்து சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டால் அதே ஆவி மங்கிவிடும். ஏரியைச் சுற்றியே பாதை போவதால் எல்லாக் கோணங்களும் கிடைக்கும். எந்த வளைவில் ஆவி அதிகம் மின்னுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.