கரிச்சட்டிக்கு முன் கம்பளி: மலை வீடுகளில் குளிரைத் தடுக்கும் துணி அடுக்குகள்

நீலகிரியில் வீடுகளின் உள்ளமைப்பை வடிவமைப்பது என் தொழில் என்பதால், நவம்பர் பிறந்துவிட்டாலே எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்டுப் பலர் அழைப்பார்கள். வீட்டில் தரை விரிப்பு இருக்கிறதா, திரைச்சீலை தரை வரை தொங்குகிறதா, மெத்தைக்கு மேல் என்ன விரித்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம், கோத்தகிரிக்கு அருகில் ஒரு வீட்டில் நான் கண்ட காட்சி.

பழைய மரத்தரையைப் பெயர்த்துவிட்டு, வெள்ளை நிற விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்துப் புதுப்பித்த வீடு அது. எழுபது வயதைக் கடந்த பாட்டி என்னை அறைக்குள் அழைத்துச் சென்று, "ரெண்டு சாக்ஸ் போட்டாலும் கால் சில்லுன்னுதான் இருக்கு கண்ணு. ராத்திரி கதவைச் சாத்திட்டு இந்தச் சட்டியில கொஞ்சம் கரி போட்டு வச்சாத்தான் தூக்கமே வருது" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில், முந்தைய இரவின் சாம்பலோடு ஓர் இரும்புச்சட்டி இருந்தது. சன்னல் இடுக்குகள் எல்லாம் செய்தித்தாளால் அடைக்கப்பட்டிருந்தன.

அடுப்புக்கரி புகையில்லாமல் கனலும்போது ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில், அந்தத் தணலிலிருந்துதான் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தொடர்ந்து வெளியேறுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்வதைவிட இந்த வாயு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்ந்துகொள்வதால், உடலுக்குள் ஆக்சிஜன் செல்லும் வழி அடைபடுகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என ஏதேனும் அறிகுறி தெரியும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. ஆகவே கரிச்சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ படுக்கையறைக்குள் எக்காரணம் கொண்டும் கொண்டுவராதீர்கள். கரி கனன்ற அறையில் யாருக்காவது மயக்கம் ஏற்பட்டால், உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கரி வேண்டாம் என்று சொல்வதோடு என் பொறுப்பு முடிந்துவிடாது. அந்தப் பாட்டியின் கால் குளிருக்கு ஒரு விடை வேண்டும். அன்று கூடத்தில் சுருட்டி வைத்திருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து வந்து டைல்ஸ் மீது பாதியளவு விரித்து, ஒரு மணி நேரம் கழித்து இரண்டின் மேற்பரப்பையும் வெப்பமானியால் அளந்தேன். இரண்டுமே ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸ் காட்டின. ஆனால் பாட்டி வெறுங்காலை டைல்ஸில் வைத்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டார்; ஜமக்காளத்தில் நிதானமாக நின்றார். டைல்ஸ் காலின் வெப்பத்தை வேகமாகக் கடத்தி எடுத்துக்கொள்கிறது. தடித்த பருத்தி நூலிழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று, வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. குளிர்காலத்துக்கு நாம் துணிகளை அடுக்குவதன் பொருளே இப்படிக் காற்றைச் சிறைப்பிடிப்பதுதான்.

எனவே முதல் செலவைத் தரைக்குச் செய்யுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு, அதன் மேல் ஜமக்காளம் போன்ற தட்டையான தடித்த நெசவு, அதற்கும் மேலே கட்டிலிலிருந்து கால் இறங்கும் இடத்திலும் நாற்காலிக்கு முன்னும் உரோமம் எழும்பிய கம்பளி விரிப்பு என்று அமைத்தால் போதும்; அறை முழுவதையும் மூட வேண்டிய தேவையில்லை. முதியவர்கள் இருக்கும் வீட்டில், விரிப்பின் ஓரம் சுருண்டு காலைத் தடுக்காதபடி கட்டிலின் கால்களுக்கு அடியில் செருகிவிடுங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் துண்டு துண்டாக எதையும் போடாதீர்கள்.

படுக்கையில் பெரும்பாலோர் செய்யும் தவறு, போர்த்துவதற்கு மட்டும் துணிகளைச் சேர்த்துக்கொண்டே போவது. நம் எடையால் மெத்தை அழுந்தி, அதிலுள்ள காற்று வெளியேறிவிடுவதால், குளிர் கீழிருந்தும் ஏறும். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு கம்பளியை விரித்துப் பாருங்கள், முதல் இரவிலேயே வேறுபாடு தெரியும். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழல் என்பதால் அது குளிருக்கு மிக ஏற்றது. கட்டிபட்டுப் போன பழைய மெத்தையைத் தூக்கிப் போடாமல், பஞ்சைப் பிரித்து அடித்துத் தைத்துக்கொள்ளலாம். போர்த்துவதற்கு, உடலை ஒட்டி மென்மையான பருத்தி, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத நெருக்கமான நெசவுள்ள சென்னிமலைப் போர்வை என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. ஒரே கனத்த போர்வையைவிட இரண்டு மெல்லியவை மேலானவை. இடையில் ஒரு காற்றடுக்கு கிடைக்கிறது, வியர்த்தால் ஒன்றை விலக்கவும் முடிகிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தொட்டிலிலோ படுக்கையிலோ தளர்வான போர்வையும் தலையணையும் கூடாது. உடையைக் கூட்டுவதே பாதுகாப்பு.

சன்னலுக்கு உள்துணி வைத்துத் தைத்த திரைச்சீலை போதும். அது சட்டத்தைத் தாண்டி இருபுறமும் ஒரு சாண் அகலம் கூடுதலாகவும், தரையைத் தொடும்படியும் இருக்கட்டும். மேல் பகுதியைப் பழைய பங்களாக்களில் உள்ளதுபோல் பெல்மெட் பலகையால் மூடினால், கண்ணாடியில் குளிர்ந்த காற்று அறைக்குள் வழிவது குறையும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு அடுத்த பகல் பெரும்பாலும் நல்ல வெயிலாகவே இருக்கும். காலையில் திரையை முழுதாக விலக்கி வெயிலை உள்ளே விடுங்கள்; சூரியன் மறைவதற்கு முன்பே மூடிவிடுங்கள்.

கண்ணுக்கு இதமாக இருப்பதும் முக்கியம். பளபளக்கும் தரையில் வெள்ளை எல்இடி வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் அறை, எத்தனை போர்வை இருந்தாலும் குளிராகவே தோன்றும். நிறங்களைக் குறைத்துக்கொண்டு, சொரசொரப்பான பருத்தி, உரோமக் கம்பளி, பிரம்பு, மெருகேற்றாத மரம் எனப் பரப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்கைத் தாழ்வாகப் பொருத்துங்கள். அறையின் எதிரொலிகூடத் துணிகளால் அடங்கிவிடும்.

தோடர் மக்களின் பூத்தையல் 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வெண்பருத்தியில் சிவப்பும் கறுப்புமான நூலால் அவர்கள் தைக்கும் அந்த வேலைப்பாடு, சாய்வு நாற்காலியின் முதுகில் விரித்தால் அறைக்கே உயிர் கொடுக்கும். அவர்களுடைய சடங்குகளில் இடம்பெறும் போர்வை அது என்பதால், அதைத் தரை விரிப்பாக்க நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மலையில் துணி அடுக்குகளுக்குப் பெரிய பகை ஈரம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது; அதனாலேயே நாம் ஏமாந்துவிடுகிறோம். நாள்தோறும் காலையில் அரை மணி நேரமாவது சன்னலைத் திறந்து, இரவெல்லாம் சேர்ந்த ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். வாரம் ஒருமுறை விரிப்புகளைச் சுருட்டி, டைல்ஸை உலரவிடுங்கள். ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்கள் வீட்டில், பருத்தி விரிப்புகளையும் உறைகளையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும். கம்பளியை அவ்வாறு துவைத்தால் சுருங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஹீட்டர் தேவைப்படலாம். படுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டினால் போதுமானதாக இருக்கும். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் எடுக்கும். திரையும் போர்வையும் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உறங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

கோத்தகிரி வீட்டில் நாங்கள் ஹீட்டர் வாங்கவில்லை. ஜமக்காளம் பாட்டியின் அறைக்கு வந்தது, மெத்தைக்கு மேல் ஒரு பழைய கம்பளி சேர்ந்தது, திரைச்சீலை மட்டும் புதிதாகத் தைக்கப்பட்டது. அடுத்த முறை நான் சென்றபோது, அந்த இரும்புச்சட்டி வாசலில், ரோசாச் செடிக்குத் தொட்டியாக இருந்தது.