துடைப்பதற்கு முன்னால் புகையைத் தேடுங்கள்

பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்து சீர்படுத்துவது என் தொழில். வீட்டில் தாத்தா காலத்துப் படம் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாமா?" கூடாது. ஏன் என்று சொல்ல, 17ஆம் நூற்றாண்டு டச்சு 'வானிடாஸ்' படங்களைத்தான் துணைக்கு அழைப்பேன்.

மேசைமேல் மண்டையோடு, கடிகாரம், புத்தகங்கள், கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, அப்போதுதான் அணைந்த விளக்கு. படிப்பு, பணம், பாட்டு எதுவும் கூட வராது என்று பார்ப்பவருக்குச் சொல்லும் படங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜாக் டி கெய்ன் 1603இல் வரைந்த ஒன்று இருக்கிறது. இந்த வகையில் தனிப்படமாக வந்தவற்றுள் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். மாடத்தில் மண்டையோடு, அதன் தலைக்கு மேலே பெரிய நீர்க்குமிழி. குமிழியை உற்றுப் பார்த்தால் உள்ளே சித்திரவதைச் சக்கரமும் அந்தக் காலத்தில் தொழுநோயாளிகள் ஆட்டிக்கொண்டு போன கிலுகிலுப்பையும் மங்கலாகத் தெரியும்.

இந்த மங்கல்தான் என் கவலை. மண்டையோட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஈய வெள்ளை கலந்து தடிமனாகப் பூசியது, எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக இறுகியிருக்கும். குமிழி, திரியின் புகை, கோப்பையில் விழும் ஜன்னல் வெளிச்சம், பழத்தில் உட்கார்ந்த ஈ இவையெல்லாம் அடியில் உள்ள நிறம் காய்ந்த பிறகு, கடைசியாக, நாலைந்து தூரிகை இழுப்பில் போட்டவை. அதற்கு மேலே வார்னிஷ். பழுப்பேறிய வார்னிஷைக் கரைக்கும் திரவம் அந்த மெல்லிய பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடலாம். யாரோ ஏற்கெனவே 'பளிச்' ஆக்கிய ஒரு படம் என்னிடம் வந்தது. விளக்கு இருந்தது, கருகிய திரி இருந்தது, புகை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது, வண்ணத்தின் பள்ளங்களில் மட்டும் சாம்பல் நிறத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் புகையைத் திரும்ப வரைவது என் வேலை இல்லை. வரைந்தால் அது என் புகை.

தண்ணீர் வேறு விதத்தில் கெடுக்கும். விரிசல் வழியே இறங்கி, படம் வரைந்த துணிக்கும் வண்ணத்துக்கும் நடுவே உள்ள பசையை ஊற வைக்கும். துணி சுருங்கும், வண்ணம் செதில் செதிலாக எழும்பும். உருளைக்கிழங்குத் துண்டால் தேய்ப்பது, சோப்பு நுரை, ரொட்டி எல்லாமே இதே கதைதான். (எச்சில் தொட்ட பஞ்சால் நாங்கள் துடைப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அழுக்கை எடுப்பதில் அதற்குத் திறமை உண்டு, ஆனால் எந்த இடத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும்.)

யாரும் தொடாமலே நிறம் போவதும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் ஆபிரகாம் மின்யோன் வரைந்த பூக்களும் கடிகாரமும் உள்ள படத்தில் ஒரு மஞ்சள் ரோஜா இருக்கிறது. இன்று அது தட்டையான திட்டாகத்தான் தெரிகிறது. இதழ்களுக்கு நிழலும் ஒளியும் கொடுத்தது ஆர்செனிக் நிறமி. சித்த மருத்துவத்தில் தாளகம் என்பார்களே, அந்த வகைச் சரக்கு. காலப்போக்கில் அது நிறமில்லாத சேர்மமாக மாறிவிட்டது. பக்கத்துப் பூக்கள் அப்படியே இருக்க, இந்த ஒன்று மட்டும் வாடிப்போனது. இதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. துடைத்துக் கெடுப்பதை மட்டும்தான் தடுக்க முடியும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இருட்டிய அறையில் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். எங்கே வண்ணம் எழும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எழும்பியிருந்தால் தொடாதீர்கள், படத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்க வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எழும்பவில்லை என்றால், காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டலாம். சாமி விளக்குக்கு மேலேயும் சமையலறைச் சுவரிலும் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரேயும் மாட்டாதீர்கள். சீர்படுத்தக் கொடுக்கும்போது, முதலில் ஓர் ஓரத்தில் பஞ்சு முனையால் சோதனை செய்வாரா என்று கேளுங்கள். அதெல்லாம் வேண்டாம், ஒரே நாளில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.